தூண்டில் போடப் போகிறவர்களுக்கு: தண்ணீரில் தெரியும் பாம்பு எது?

கடலூர், புதுச்சேரி பக்கம் புதிதாகத் தூண்டில் பிடிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த மீனுக்கு என்ன இரை என்று. அடுத்த கேள்வி அநேகமாகப் பாம்பைப் பற்றித்தான் இருக்கும். பாகூர் ஏரிக்கரையில் உட்கார்ந்தாலும் சரி, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் நின்றாலும் சரி, என்றைக்காவது ஒரு பாம்பு கண்ணில் படாமல் இருக்காது.

இங்கே இரண்டு தவறுகள் தொடர்ந்து நடக்கின்றன. ஏரியில் விஷமே இல்லாத பாம்பைக் கண்டதும் கல்லெடுத்து அடித்துக் கொல்கிறோம். கடற்கரையில் வலையில் சிக்கிய கடும் விஷமுள்ள பாம்பை, "தண்ணிப் பாம்புதானே" என்று வாலைப் பிடித்துத் தூக்கி வீசுகிறோம். இந்த இரண்டும் நிற்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பாம்பு பிடிக்க இதில் எதுவும் சொல்லித்தரப் போவதில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்து, கொஞ்சம் பொறுத்துத் தூண்டிலைத் தொடரலாமா, இடத்தைக் காலி செய்வதா என்று முடிவெடுக்கத் தேவையானது மட்டும்தான்.

படி 1: பாம்புக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

நிற்கிற இடம் நன்னீரா, உப்புத் தண்ணீரா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். வீராணம், பெருமாள் ஏரி, பாகூர் ஏரி, ஊர்க் குளங்கள், வாய்க்கால்கள் எல்லாம் நன்னீர். கடல் பாம்பை இங்கே எதிர்பார்க்க வேண்டியதில்லை. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு ஆகியவை கடலில் சேரும் இடங்கள், உப்பனாறு, அரியாங்குப்பம் ஆறு, பிச்சாவரம் அலையாத்திக் காடு ஆகியவை உப்பும் நன்னீரும் கலக்கும் இடங்கள். இங்கேதான் விஷமுள்ளதும் இல்லாததும் ஒரே சேற்றில் திரியும். புதியவர்கள் அதிகக் கவனமாக இருக்க வேண்டியதும் இங்கேதான்.

வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்றோடு அடித்து வரப்படும் ஏரிப் பாம்பும் வயல் பாம்பும் முகத்துவாரம் வரைக்கும் வந்துவிடும்.

படி 2: ஏரியில் பார்ப்பது பெரும்பாலும் நீர்க்கோலி

தண்ணீர்ப் பாம்பு என்று ஊரில் பொதுவாகச் சொல்வது இதைத்தான். முதுகு பழுப்பாகவோ மங்கிய மஞ்சளாகவோ இருக்கும். அதன்மேல் சதுரங்கக் கட்டம் மாதிரி வரிசை வரிசையாகக் கருப்புப் புள்ளிகள். நிறம் பாம்புக்குப் பாம்பு மாறும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். முகத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே ஒன்று, கண்ணுக்குப் பின்னால் ஒன்று என இரண்டு கருப்புக் கோடுகள் சாய்வாக இறங்கும். கைபேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மதகு ஓரம், ஆகாயத்தாமரை அடர்ந்த இடம், கரைக் கல்லிடுக்கு எல்லாம் இதற்குப் பிடித்த இடங்கள். மீனும் தவளையும் தின்னும். பிடித்த மீனைச் செவுளில் கயிறு கோர்த்துத் தண்ணீரில் தொங்கவிடுகிறீர்களா? அதைத் தேடி நேராக உங்கள் காலடிக்கே வரும். உங்களைத் தாக்க வருவதாக நினைக்காதீர்கள், அதற்கு வேண்டியது மீன்தான். மீனை மூடி போட்ட வாளியில் வைத்தால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது.

மடக்கினால் நீர்க்கோலிக்குக் கடுங்கோபம் வரும். முன்னுடம்பைத் தூக்கி, கழுத்தைத் தட்டையாக்கி, வேகமாகக் கடிக்கும். அந்தத் தட்டைக் கழுத்தை நல்ல பாம்பின் படம் என்று நினைத்தே பலர் அடித்துவிடுகிறார்கள். நல்ல பாம்பு படம் எடுத்தால் கழுத்து அகலமாக விரிந்து நிற்கும், நம் பக்கத்துப் பாம்புகளில் பின்புறம் மூக்குக்கண்ணாடிக் குறியும் பெரும்பாலும் தெரியும். நீர்க்கோலியின் கழுத்து கொஞ்சம் அகலுமே தவிர, அப்படி விரியாது. விஷம் இல்லை என்றாலும் பல் கூர்மையானது, கடித்த இடத்தில் நன்றாக ரத்தம் வரும்.

ஏரியில் இன்னொரு சாதுவான பாம்பும் உண்டு. முதுகு முழுக்க ஒரே ஆலிவ் பச்சை, வயிறு மஞ்சள், கட்டமோ புள்ளியோ பெரிதாகத் தெரியாது. இதற்கும் விஷம் கிடையாது. சாரைப் பாம்பும் சில சமயம் ஏரியைக் குறுக்கே நீந்திக் கடக்கும்.

படி 3: கரையை மறக்காதீர்கள்

ஏரியில் மீன் பிடிப்பவருக்கு உண்மையான ஆபத்து பெரும்பாலும் தண்ணீரில் இல்லை, நடந்து வரும் வரப்பிலும் கரைப் புல்லிலும் இருக்கிறது. எலிக்காகவும் தவளைக்காகவும் வரும் கண்ணாடி விரியன், நல்ல பாம்பு, இரவில் திரியும் கட்டு விரியன். இந்த மூன்றுக்கும் நீந்தத் தெரியும். ஆகவே தண்ணீரில் போகிறது என்பதற்காகவே ஒரு பாம்பை விஷமில்லாதது என்று முடிவு செய்யக் கூடாது.

கண்ணாடி விரியனை நீர்க்கோலியோடு குழப்பிக்கொள்வது நடக்கிறது. விரியன் தடித்த உடம்பு, குட்டை வால். முதுகில் சங்கிலி கோத்தது போல நீள்வட்ட வளையங்கள் 3 வரிசையாக ஓடும். நீர்க்கோலி ஆளைக் கண்டதும் தண்ணீருக்குள் பாயும். விரியன் பெரும்பாலும் நகராமல் சுருண்டு கிடந்து பலமாகச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று தேடி முன்னே போகாமல், வந்த வழியிலேயே பின்வாங்குங்கள். கட்டு விரியன் பளபளக்கும் கருப்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகளோடு இருக்கும். அதன் கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது, அதுதான் பயங்கரம்.

விரால் தேடி விடியுமுன் போகிறவர்கள் டார்ச் இல்லாமல் கரையேறக் கூடாது. கணுக்காலை மூடும் செருப்போ பூட்ஸோ வேண்டும். மண்புழுவுக்காகக் கல்லைப் புரட்டும்போது விரலை விடாமல் குச்சியால் புரட்டுங்கள்.

படி 4: உப்பங்கழியில் வாலைப் பாருங்கள்

பிச்சாவரத்தில் நீர் வற்றும் நேரத்தில் சேற்றில் படுத்திருக்கும் சாம்பல் பழுப்புப் பாம்பு பெரும்பாலும் நாய்முகப் பாம்பு. சின்னக் கண்கள் தலையின் மேல்பக்கம் இருக்கும், கண் வழியாக ஒரு கருங்கோடு ஓடும். உளுவை மாதிரிச் சிறு மீன்களைத் தின்னும். இதற்கு வாயின் பின்பக்கம் விஷப்பல் இருக்கிறது. ஆனால் அந்த விஷம் மீனை அடக்கத்தான் உதவும், மனிதருக்கு ஆபத்து இல்லை. வால் சாதாரணப் பாம்பின் வால்போல உருண்டு கூராக முடியும்.

கடல் பாம்பின் வால் அப்படி இருக்காது. இரண்டு பக்கமும் அழுத்தியது போல் செங்குத்தாகத் தட்டையாகி, துடுப்பு வடிவில் முடியும். இந்த ஒரே அடையாளத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். நம் கரையோரம் பல வகைக் கடல் பாம்புகள் வலையில் வருகின்றன. பட்டை போட்டது உண்டு, மேலே கருப்பும் கீழே மஞ்சளுமாக இருப்பது உண்டு, வெறும் சாம்பல் நிறமும் உண்டு. எல்லாவற்றுக்கும் வால் தட்டைதான்.

இவற்றில் தனியாகச் சொல்ல வேண்டியது கொக்கி மூக்குக் கடல் பாம்பு. மேலுதட்டின் நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும். கெளுத்தி மீன்தான் இதன் முக்கிய உணவு, அதனால் கலங்கிய ஆழமில்லாத நீரிலும் முகத்துவாரத்திலும் ஆற்றுக்குள்ளும் வரும். உலக அளவில் கடல் பாம்புக்கடியால் நேரும் சாவுகளில் பெரும்பங்கு இதனால் வருவதுதான். கெளுத்திக்காகக் கலங்கல் தண்ணீரில் காலை வைத்து நிற்பவர்கள் இதை மனதில் வையுங்கள். அடியெடுத்து வைக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் சேற்றோடு தேய்த்து நகர்ந்தால், பாம்பு விலகிப் போக வாய்ப்பு கிடைக்கும். திருக்கை முள்ளுக்கும் இதே பழக்கம் உதவும்.

இதில் குழப்புகிற பாம்பு ஒன்று உண்டு. தொளதொளவென்று பெரிய சட்டை போட்டதுபோல் தோல் தொங்க, சொரசொரப்பாக, மங்கலான பட்டைகளோடு இருக்கும். இதற்கு விஷம் இல்லை, கரையில் போட்டால் நகரக்கூட முடியாமல் தவிக்கும். ஆனால் வால் லேசாகத் தட்டையாகத் தெரியும். புதியவர்களுக்கு என் யோசனை: உப்புத் தண்ணீரில் சந்தேகம் வந்தால் அதைக் கடல் பாம்பாகவே நினைத்துக்கொள்ளுங்கள். தொடாமல் விடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

தூண்டிலில் மாட்டி நெளிவது விலாங்காகவும் இருக்கலாம். விலாங்குக்கு முதுகோடு ஓடும் துடுப்பும் செவுள் துவாரமும் இருக்கும், உடம்பு வழவழப்பாக இருக்கும். பாம்புக்குச் செதில் தெரியும், பிளந்த நாக்கு வெளியே வந்து போகும்.

படி 5: இணையத்தில் படித்த சில விதிகளை விட்டுவிடுங்கள்

"கண்மணி பூனைக்கண் மாதிரி கோடாக இருந்தால் விஷம், வட்டமாக இருந்தால் விஷமில்லை" என்று ஒரு விதி சுற்றுகிறது. "உடம்பு முழுதும் மிதக்க நீந்தினால் விஷப் பாம்பு" என்று இன்னொன்று. இவை அமெரிக்காவில் காட்டன்மவுத் என்ற தண்ணீர் விரியனை மனதில் வைத்துச் சொன்னவை. அந்தப் பாம்பு இந்தியாவில் இல்லவே இல்லை. இங்கே நல்ல பாம்புக்கும் கட்டு விரியனுக்கும் வட்டக் கண்மணி, அவை ஆளைக் கொல்லும். நாய்முகப் பாம்புக்குக் கோடான கண்மணி, அது ஒன்றும் செய்யாது. அந்த விதியை இங்கே நம்பினால் உயிரே போகலாம். முக்கோணத் தலை என்ற அடையாளமும் அப்படித்தான். கோபத்தில் நீர்க்கோலியும் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டும்.

படி 6: தூண்டிலிலோ வலையிலோ மாட்டிக்கொண்டால்

தூண்டிலில் மாட்டியது எந்தப் பாம்பாக இருந்தாலும் முள்ளைக் கழற்ற முயல வேண்டாம். கம்பின் நீளம் உங்களுக்கும் பாம்புக்கும் இடையில் இருக்கட்டும், தூண்டில் நரம்பை அறுத்துவிடுங்கள். ஒரு முள் போனால் போகட்டும்.

கடல் பாம்புக்கடி அதிகம் நடப்பது வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போதுதான். வீச்சு வலையை இழுத்ததும் மடியில் கையை விடாமல், மணலில் விரித்துப் போட்டுப் பாருங்கள். பாம்பு இருந்தால் நீளமான குச்சியால் வலையைத் தூக்கிக் கொடுத்தால் அதுவே நழுவி விழும். வாலைப் பிடித்தால் திரும்பிக் கடிக்கும். கரையில் செத்ததுபோல் கிடப்பதும் கடிக்கலாம். அடித்தும் கொல்லாதீர்கள். நீர்க்கோலியும் கடல் பாம்பும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை.

படி 7: கடித்துவிட்டால்

நீர்க்கோலிதான் என்று உறுதியாகத் தெரிந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, டி.டி. ஊசி போட்டுக்கொண்டால் போதும். கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் விஷக்கடி என்றே வைத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். பல்பட்ட அடையாளத்தை எண்ணி நீங்களே முடிவு சொல்லாதீர்கள்.

மோதிரம், காப்பு, கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ கட்டை வைத்து அசையாமல் செய்யுங்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை, ஐஸ் எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துப் போவதும் கூடாது, தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள்.

கடல் பாம்புக்கடி ஏமாற்றும். வலி அதிகம் இருக்காது, வீக்கமும் இருக்காது. அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் கழுத்தும் தொடையும் வலிக்கும், உடம்பு விறைக்கும், வாயைத் திறக்க முடியாது, இமை தொங்கும். தசை சிதைவதால் சிறுநீர் கருஞ்சிவப்பாகும், சிறுநீரகம் பாதிக்கப்படும். "ஒன்றும் செய்யவில்லையே" என்று வீட்டுக்குப் போனவர்களுக்குத்தான் இது ராத்திரியில் முற்றுகிறது.

நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளின் விஷத்தைக் கொண்டு தயாராகிறது. அதற்கான விஷத்தை 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் பல ஆண்டுகளாக எடுத்துக் கொடுத்து வருகிறது. கடல் பாம்பு இந்த நான்கில் இல்லை, அதன் விஷத்துக்கு இந்த மருந்து கேட்காது. அங்கே உயிரைக் காப்பது செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும்தான். அதனால் உப்புத் தண்ணீரில் கடிபட்டால் அந்த இரண்டு வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போவது நல்லது. புதுச்சேரிப் பக்கம் ஜிப்மர் இருக்கிறது. மருத்துவரிடம் போனதும் மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள்: கடித்த நேரம், கடித்தது கடலிலா முகத்துவாரத்திலா ஏரிக்கரையிலா என்பது, வால் தட்டையாக இருந்ததா என்பது.