அரசியல் பொருளாதாரத்தை மேஜராக எடுப்பவர்கள் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பொருளியல் கொஞ்சம், வரலாறு கொஞ்சம், அரசியல் அறிவியல் கொஞ்சம் என்று பொறுக்கி எடுத்துப் படித்தால் நான்கு ஆண்டு முடிவில் எதுவும் கைக்கு அகப்படாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மேல்நிலைப் பாடங்களை மாணவரே தொகுத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், எல்லாவற்றையும் கோக்கும் கேள்வி ஒன்று கட்டாயம் வேண்டும்.

நுண்பொருளியல் (மைக்ரோ), பேரியல் பொருளியல் (மேக்ரோ), புள்ளியியல், நுண்கணிதம் ஆகியவற்றை முதல் மூன்று செமஸ்டர்களுக்குள் முடித்துவிடுங்கள். கணக்குக்குப் பயந்து தள்ளிப்போட்டால், இடைநிலைப் பொருளியல் வகுப்புகளில் சேர முடியாமல் மூன்றாம் ஆண்டில் திண்டாட நேரும். புள்ளியியல் தெரியாதவர் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணைகளைத் தாண்டிக் குதித்து முடிவுரையை மட்டும் நம்புவார்.

துறைகளை இணைத்துப் படிப்பது எப்படி என்பதற்கு, நாடுகள் ஏன் வணிகம் செய்கின்றன என்று விளக்க ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817-இல் தந்த கணக்கே நல்ல பயிற்சி. குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 100 பேர் உழைக்க வேண்டும், போர்ச்சுகலில் 90 பேர் போதும். ஒயினுக்கு முறையே 120, 80. இரண்டிலும் போர்ச்சுகலுக்கே செலவு குறைவு. ஆனாலும் ஒரு பங்கு ஒயினை விட்டுக்கொடுத்தால் இங்கிலாந்துக்கு 1.2 பங்கு துணி கிடைக்கும், போர்ச்சுகலுக்கு 0.89 பங்குதான். ஆகவே ஒயின் போர்ச்சுகலுக்கு, துணி இங்கிலாந்துக்கு. இதைக் கையால் போட்டுப் பாருங்கள். பிறகு வரலாற்றுக்கு வாருங்கள்: 1703-இல் மெத்துவன் ஒப்பந்தம் ஆங்கிலேயக் கம்பளித் துணிக்குப் போர்ச்சுகலைத் திறந்துவிட்டது; பதிலுக்குப் போர்ச்சுகல் ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான சுங்கவரி. அடுத்து அரசியல்: போர்ச்சுகலில் திராட்சைத் தோட்டக்காரருக்கு லாபம், நெசவாளருக்கு நட்டம் என்றால் அரசு யார் பேச்சைக் கேட்டது? கணக்கில் பிழையில்லை, ஆனால் அந்த ஒப்பந்தத்துக்கு அதில் இடமே இல்லை. ஒவ்வொரு பெரிய கோட்பாட்டையும் இப்படி மூன்று பத்திகளாக நோட்டில் எழுதிவைப்பது, எங்கள் கணிப்பில், எந்தப் பாடநூலையும்விட அதிகம் கற்றுத்தரும்.

இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் உங்கள் கேள்வியை எழுதிவிடுங்கள். ‘உலகமயமாக்கல்’ என்பது வெறும் தலைப்பு. ‘2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை ஏன் நிறுத்தியது?’ என்பது கேள்வி. எடுக்க வேண்டிய பாடங்களை அதுவே சொல்லிவிடும்: 2007 முதல் விற்ற பன்னாட்டுக் கடன்பத்திரங்களுக்குச் சர்வதேச நிதியியல், 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக வெட்டியதற்குப் பொது நிதியியல், 2021-இன் ரசாயன உரத் தடைக்கு வேளாண் பொருளியல், இந்த முடிவுகளை எடுத்த ஆட்சியைப் புரிந்துகொள்ள ஒப்பியல் அரசியல். மொழிப் பாடமும் கேள்வியோடு ஒட்டியிருக்கட்டும். வரவுசெலவுத் திட்ட உரை தமிழிலும் வெளிவருவதால் தமிழ் தெரிந்தவருக்கு இங்கே பாதி வேலை மிச்சம். சிங்களம் கற்றால் இன்னும் நல்லது.

ஆய்வேடு பெரும்பாலும் தரவில்தான் முட்டிக்கொள்ளும். மேற்பார்வையாளரிடம் போகுமுன், இலங்கைக் கேள்வி என்றால், இலங்கை மத்திய வங்கியின் ஆண்டறிக்கை அட்டவணைகளைத் திறந்து, உங்களுக்கு வேண்டிய ஆண்டுகள் விடுபடாமல் இருக்கின்றனவா, இடையில் கணக்கிடும் முறை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் கேள்வியின் காலவரம்பை அப்போதே சுருக்கிவிடுங்கள்.