பாலிக் பூலாவ் வயல்வெளியில் சைக்கிள்: வாகன நெரிசல் இல்லாத பாதையை நீங்களே வகுத்துக்கொள்வது எப்படி?

மலேசியாவின் பினாங்குத் தீவில் ஆசையாகச் சைக்கிள் வாங்கிய பலர், ஒரே மாதத்தில் அதை வீட்டு ஐந்தடியில் (வீட்டு முன் நடைபாதையில்) சாய்த்துவைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் கால்வலி அல்ல, பயம். ஜெலுத்தோங் பக்கமோ ஆயர் ஈத்தாம் பக்கமோ லாரி ஒன்று முழங்கையை உரசுவதுபோல் கடந்து போனால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்க மனம் வராது. அப்படி நிறுத்திவிட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் பூலாவ் இருக்கிறது. பயமில்லாமல் ஓட்டிப் பழக, தீவில் அதைவிட நல்ல இடத்தை நான் கண்டதில்லை.

முதலில் வரைபடம்

பாலிக் பூலாவ் என்றால் மலாயில் 'தீவின் பின்புறம்'. ஊருக்குக் கிழக்கே மலைத்தொடர், மேற்கே கடல், நடுவில் வயலும் வாய்க்காலும் நிறைந்த தட்டையான நிலம். வெளியிலிருந்து வரும் வாகனங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஊருக்குள் நுழைகின்றன: பாயா தெருபோங் பக்கமிருந்து வரும் துன் சார்டோன் சாலை, தெற்கே தெலுக் கும்பார் சாலை, வடக்கே தெலுக் பஹாங் சாலை. மூன்றுமே மலையேறி இறங்குகிற வளைவுச் சாலைகள். பழகியவர்கள் அங்கே ஆர்வத்தோடு ஏறுவார்கள். தொடக்க நிலையில் இருப்பவர்கள் இந்த மூன்றையும் தொடவே வேண்டாம்.

இப்போது மேற்குப் பக்கத்தைப் பாருங்கள். சுங்கை பூரோங், கம்போங் தெராங், பூலாவ் பெத்தோங் என்று கடலை நோக்கிச் சின்னச் சின்னச் சாலைகள் பிரிகின்றன. அவற்றிலிருந்து கிளைக்கும் சந்துகளில் பல, வயலிலோ மீனவர் கிராமத்திலோ வாய்க்கால் கரையிலோ முடிந்துவிடும். நான் நம்பும் விதி இதுதான்: வேறோர் ஊருக்குப் போய்ச்சேராத சாலையில் அவசரமாக யாரும் வரமாட்டார்கள். அங்கே குடியிருப்பவர்களும், அங்கே வேலை இருப்பவர்களும் மட்டுமே வருவார்கள். ஆகவே வரைபடத்தில் குறுக்குவழியைத் தேடாதீர்கள். முட்டி நிற்கும் சாலையைத் தேடுங்கள். ஒரு காகிதத்தில் அப்படி நான்கைந்தை வரைந்து, அவற்றை இணைக்கும் வாய்க்கால் ஓரப் பாதைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கண்ணால் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கைப்பேசி வரைபடம் காட்டிய கோட்டை நம்பி முதல் முறை நேராகப் போனேன். தார்ச்சாலை செம்மண்ணாகி, செம்மண் சேறாகி, கடைசியில் ஓர் இறால் குளத்தின் கரையில் நின்றேன். திரும்பும்போது பின்சக்கரத்தில் காற்று இல்லை, கையில் பம்பும் இல்லை. வயலில் நின்றிருந்த பக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர் தம் மோட்டார் சைக்கிளில் போய்ப் பம்ப் எடுத்துவந்து கொடுத்தார். அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆகவே முதலில் ஒரு முறை மோட்டாரிலோ காரிலோ போய் வாருங்கள். தார் எங்கே முடிகிறது, எந்த வீட்டு வாசலில் நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கின்றன, வாய்க்கால் பாலத்தில் கம்பி இருக்கிறதா, காப்பிக்கடை எங்கே என்பவற்றை எல்லாம் அந்தக் காகிதத்திலேயே எழுதுங்கள்.

நேரம்தான் பாதி அமைதி

ஒரே சாலை காலை ஏழரைக்கு ஒரு முகமும் பதினொன்றுக்கு வேறு முகமும் காட்டும். வார நாள்களில் பள்ளி தொடங்கும் வேளை வேண்டாம்; பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மோட்டார்கள் விரையும். ஞாயிற்றுக்கிழமைக் காலையே எனக்குப் பிடித்தது. ஆனால் பத்து மணிக்கு மேல் நகரத்திலிருந்து லக்சா என்னும் நூடுல்ஸ் உணவு சாப்பிட வரும் கார்கள் தொடங்கிவிடும். டுரியான் பழக் காலத்தில், குறிப்பாக ஜூன், ஜூலை வார இறுதிகளில், ஊருக்குள் போவதையே தள்ளிவையுங்கள்.

1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் பினாங்கில் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். ஜனவரி, பிப்ரவரியில் இன்னும் தாமதமாகும். ஆறு மணிக்கே புறப்பட்டால் இருட்டில் ஓட்டுவீர்கள். ஏழே காலுக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடிப்பது நல்லது. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். ஆண்டின் முதல் இரண்டு மாதங்கள் வறண்டவை, பழகுவதற்கு ஏற்றவை.

சைக்கிள்

விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. பிரேக் இரண்டும் பிடிக்க வேண்டும். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் காற்று இருக்க வேண்டும். இருக்கையில் அமர்ந்து, மிதியடி மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. பலர் இருக்கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள். தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, மாற்று டியூப், சிறிய பம்ப், இரண்டு புட்டி தண்ணீர் ஆகியவை போதும். சொந்தச் சைக்கிள் இல்லாதவர்களுக்கு ஊரிலேயே வாடகைச் சைக்கிள் கிடைக்கும்.

முதல் பயணம்

பாலிக் பூலாவ் பட்டணத்துச் சந்தைப் பகுதியில் காரை நிறுத்திவிட்டுச் சுங்கை பூரோங் பக்கமாக இறங்குங்கள். முதல் சில நிமிடங்கள் கொஞ்சம் வாகனம் இருக்கும். இடப்பக்கம் ஓட்டுங்கள்; ஆனால் கால்வாய் விளிம்பை ஒட்டிப் போகாதீர்கள். விளிம்பிலிருந்து ஒரு கை தள்ளி நேர்கோட்டில் போனால், பின்னால் வருபவர் உங்களைப் பார்த்து ஒதுங்குவார். வயல் தெரியத் தொடங்கியதும் முதல் சந்துக்குள் திரும்புங்கள்.

அங்கே சத்தம் சட்டென்று மாறும். உங்கள் செயின் ஓடும் ஒலி உங்களுக்கே கேட்கும். நாற்று நடும் பருவமென்றால் வயல் முழுக்கத் தண்ணீர், அதில் மலை தலைகீழாகத் தெரியும். கதிர் முற்றிய பருவமென்றால் அறுவடை இயந்திரம் பாதையை அடைத்து நிற்கலாம்; இறங்கி ஓரமாக நின்று வழிவிடுங்கள். அது அவர்களுடைய வேலையிடம், நாம் விருந்தாளிகள். எதிரே வருபவரைப் பார்த்துத் தலையசைத்து ஒரு 'செலாமாட் பாகி' (மலாயில் காலை வணக்கம்) சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் அவர்களே உங்களுக்கு நல்ல பாதைகளைக் காட்டுவார்கள்.

முதல் நாள் 10 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது கிலோமீட்டரில், எங்கே இருந்தாலும் திரும்புங்கள். முதலில் கடலை நோக்கிப் போய்ப் பிறகு ஊருக்குத் திரும்பும்படி பாதையை அமைப்பதற்கு ஒரு காரணம் உண்டு: வெயில் ஏற ஏறக் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசத் தொடங்கும். களைத்துத் திரும்பும் நேரத்தில் அது முதுகைத் தள்ளும். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் பூலாவ் பெத்தோங் வரை போகலாம். மீன்பிடிப் படகுகள் கட்டியிருக்கும் ஆற்று முகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் அலுக்காது.

நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, அதட்டிவிட்டு மெதுவாக நடங்கள். வீட்டு எல்லை தாண்டியதும் பெரும்பாலும் அது நின்றுவிடும். இடி கேட்டால் திறந்த வயலில் ஒரு நிமிடமும் தங்காமல் அருகிலுள்ள கட்டடத்துக்குள் போய்விடுங்கள். விபத்தென்றால் 999. துணைக்கு ஒருவர் வந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் உங்கள் பாதை வரைந்த காகிதத்தைப் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

பட்டணம் திரும்பியதும் பசியாறலாம். ஒரு கிண்ணம் லக்சா, ஒரு குவளை ஜாதிக்காய்ச் சாறு. ஜாதிக்காய் இந்த மலைச்சரிவில் விளைவதுதான்.

வீட்டுக்கு வந்தவுடன் குளிக்கப் போவதற்கு முன்னால் செயினைத் துடையுங்கள். கடலோரத்து உப்புக் காற்றில் அது விரைவில் துருப்பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிதியைப் பின்னால் சுழற்றி, மிஞ்சிய எண்ணெயை மறுபடி துடைத்துவிடுங்கள். அந்தக் காகிதத்தையும் எடுத்து, இன்று எந்தச் சந்தில் கார் வந்தது, எந்தச் சந்தில் வரவில்லை என்று எழுதிவையுங்கள்; அடுத்த வாரப் பாதையை அதிலிருந்து வரையலாம்.