உட்காரும் குழந்தை தானாக விளையாட ஒரு கூடை

குழந்தை பசியாறி, தூங்கி எழுந்த அரை மணிக்குள் தொடங்குங்கள். தூக்கம் சொக்கும் நேரத்தில் எந்தப் பொம்மையும் எடுபடாது.

தானாக உட்காரத் தெரிந்த 7, 8 மாதக் குழந்தைக்குப் பாய் விரித்து, விளிம்பு தாழ்ந்த கூடை ஒன்றை வையுங்கள். உள்ளே 6 முதல் 8 பொருட்கள் போதும்: விளிம்பு மழுங்கிய எவர்சில்வர் டம்ளர், மரக்கரண்டி, பருத்தித் துண்டு, பெரிய மரவளையம். எல்லாம் வாய்க்குப் போகும், கழுவி வையுங்கள். 4 சென்டிமீட்டருக்குச் சிறியவை, கயிறு, பட்டன் பேட்டரி, காந்தம் கூடவே கூடாது.

டம்ளரில் கரண்டி பட்டு 'டிங்' என்றதும் பிஞ்சுக் கை ஒரு கணம் நிற்கும். பிறகு மறுபடி தட்டிப் பார்க்கும். அப்போது "சபாஷ்!" என்று குரல் கொடுக்காதீர்கள். முகம் உங்கள் பக்கம் திரும்பினால் விளையாட்டு அறுந்துவிடும். பெரும்பாலும் கெடுப்பது நம் பாராட்டுதான்.

முதலில் பக்கத்திலேயே உட்காருங்கள். 2, 3 நிமிடம் ஓடினாலே நல்லது. சில நாளில் ஓரடி ஓரடியாகத் தள்ளி உட்காரலாம், ஆனால் குழந்தை எப்போதும் உங்கள் கண்ணெதிரே இருக்க வேண்டும். சிணுங்கினால் பேச்சுக் கொடுங்கள், அழுதால் தூக்கிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை பாதிப் பொருட்களை மாற்றுங்கள். கூடை நிரம்பி வழிந்தால் குழந்தை அதைக் கவிழ்த்துவிடும், எதிலும் மனம் நிற்காது.