ஊட்டி மேட்டுக்குப் பழைய பத்மினியைத் தேற்றுவது

என் பழைய பிரீமியர் பத்மினி காரின் 1089 சிசி இன்ஜின் குன்னூர் தாண்டினாலே மூச்சு வாங்கும். ஊட்டியின் உயரம் சுமார் 2240 மீட்டர். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினில் பலமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும்.

எதையும் வாங்குமுன் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போதே காயில் வயரை எடுத்துவிட்டு, நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரஷன் கேஜை வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். எனக்கு மூன்றாவது சிலிண்டரின் அளவு மட்டும் படுத்துக் கிடந்தது. அதன் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பார்த்தேன். அளவு ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறவில்லை, ஆகவே வால்வைச் சந்தேகித்தேன். வால்வைத் தேய்த்து உட்கார வைத்ததிலேயே பாதி இழுவை திரும்பிவிட்டது. அதற்குமுன் ஒரு மெக்கானிக் பேச்சைக் கேட்டுப் பெரிய ஏர் ஃபில்டர் மாட்டியது தண்டச் செலவு!

அப்புறம் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர். மெல்லிய காற்றில் பெட்ரோல் விகிதம் கூடி பிளக் கரி பிடிக்கும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் குறைத்ததும் பிளக் முனை பழுப்புக்கு வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி பிளக் தீப்பொறி விழும் டைமிங்கை இரண்டு டிகிரி முன்னே வைத்தேன்.

இரண்டும் மலைக்குத்தான் சரி. அப்படியே மேட்டுப்பாளையம் இறங்கி வேகமாக ஓட்டினால் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக எரிந்து இன்ஜின் தட்டுவது) வரும், பிஸ்டனே போகலாம். அதனால் பழைய ஜெட் எப்போதும் என் டேஷ்போர்டில் கிடக்கிறது. சிலிண்டர் ஹெட்டை லேத்தில் சீவி கம்ப்ரஷன் ஏற்றினால் கீழே அதே நாக்கிங்தான்; அந்த யோசனையை, அடிக்கடி கோவை போகிறவர்கள் விட்டுவிடுங்கள்.