பையில் ஒரு நோட்டு: வீடு வீடாகப் போகும் செவிலியர் தொடர்ந்து படிக்க ஒரு வழி

வயிற்றுப்போக்கு நின்று மூன்று நாள் ஆகியிருந்த குழந்தை. அதன் அம்மா கேட்டார்: "ஜிங்க் மாத்திரை மிச்சம் இருக்கே சிஸ்டர், நிறுத்திடலாமா?" நிறுத்திடலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டேன். தப்பு. போக்கு நின்றாலும் 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு அது மறுபடி வராமல் இருக்க உதவும். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2004-லேயே சொன்ன விஷயம். மறுநாள் காலை திரும்பிப் போய் மாற்றிச் சொன்னேன்.

அன்றிலிருந்து பையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பதில் தடுமாறும் கேள்வியை அந்த வீட்டு வாசலிலேயே, கேட்டவர் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். பெயர் வேண்டாம். "வயிற்றுப்போக்கு மேலாண்மை" என்று தலைப்பு போட்டால் ஒரு வருடம் ஆனாலும் படிக்க மாட்டோம். "மாத்திரையை நிறுத்தலாமா" என்றால் அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். வாரம் ஒரு கேள்வி போதும். தவறான பதிலால் ஆபத்து வரக்கூடியதை முதலில் எடுங்கள்.

வழிகாட்டியைத் திறந்தவுடன் வெளியான ஆண்டைப் பாருங்கள். கர்ப்பகாலத்தில் நான்கு முறை பரிசோதனை என்றுதான் நான் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அதை எட்டாக்கியது. நான் போன ஒரு பயிற்சியில் அதன் பிறகும் நான்கு என்றே ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் துறையின் சமீபத்திய வழிகாட்டி எதுவோ அதையே பின்பற்றுங்கள்.

கைவேலையைப் படித்துத் திருத்த முடியாது. இன்னொரு செவிலியரை ஒருநாள் கூட வரச் சொல்லுங்கள். என்னோடு வந்தவர் ஒன்றைக் கண்டுபிடித்தார்: பிபி பார்க்கும்போது நான் வாய் மூடுவதே இல்லை. கஃபை (கையில் சுற்றும் பிபி பட்டையை) சுற்றிக்கொண்டே தூக்கம் வருதா, கால் வலி எப்படி என்று விசாரிப்பேன், அவர்களும் பதில் சொல்வார்கள். பேசினால் அளவு ஏறும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை இதய மட்டத்தில், அப்புறம் இருவரும் மௌனம். எனக்கு அதுதான் கஷ்டம்! குழந்தையின் மூச்சையும் இருவரும் தனித்தனியாக முழு நிமிடம் எண்ணி ஒப்பிடுங்கள். 2 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சுதான். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது கணக்கைக் கெடுக்கும்.

சான்றிதழ் விஷயம் சுருக்கமாக: செவிலியர் பதிவைப் புதுப்பிக்க எத்தனை மணி நேரப் பயிற்சி வேண்டும், எந்த வகுப்பு செல்லும் என்று நர்சிங் கவுன்சிலில் கேட்ட பிறகே வகுப்புக்குப் பணம் கட்டுங்கள். சான்றிதழை வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

மாதக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, நோட்டில் இருந்து ஒரு கேள்வியைச் சொல்லுங்கள். நான் அடுத்து சொல்லப் போவது இது: "இன்ஹேலர்ல மருந்து தீர்ந்துச்சான்னு எப்படித் தெரியும்?" குலுக்கிப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே உந்துவாயு மிச்சமிருந்து குலுங்கும். எண் காட்டும் இன்ஹேலர் இல்லையென்றால் அடித்ததை எண்ணிக் குறித்து வைக்க வேண்டும்.