லினக்ஸ் நிறுவும்போது எந்த ஃபைல் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுப்பது?

லினக்ஸ் நிறுவும்போது, டிஸ்க்கைப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரிக்கும் பக்கத்தில் எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்று ஃபைல் சிஸ்டங்களின், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகளின், ஒரு பட்டியல் வரும். பின்னால் மாற்ற நினைத்தால் பெரும்பாலும் டிஸ்க்கை அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். அதனால் இப்போதே யோசித்துவிடுவது நல்லது.

படி 1: பேக்கப் எடுங்கள். ஃபார்மட் செய்கிற பார்ட்டிஷனில் எதுவும் மிஞ்சாது.

படி 2: இன்ஸ்டாலர் தானாக எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். உபுண்டு, டெபியன், மின்ட் மூன்றிலும் எக்ஸ்ட்4. ஃபெடோராவின் டெஸ்க்டாப் பதிப்புகளில் 2020இல் வந்த 33ஆம் பதிப்பு முதல் பிடிஆர்எஃப்எஸ். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸில் 7ஆம் பதிப்பு முதல் எக்ஸ்எஃப்எஸ். குறிப்பிட்ட தேவை எதுவும் இல்லையென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிஸ்ட்ரோவில் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) அதிகம் பேர் ஓட்டிப் பார்த்தது அதுதான்; சிக்கல் வந்தாலும் விடை சீக்கிரம் கிடைக்கும்.

படி 3: ஸ்னாப்ஷாட் (சிஸ்டம் ஒரு நேரத்தில் இருந்த நிலையின் பதிவு) வேண்டுமா? மாற்றுவதற்கு உருப்படியான காரணம் என்றால் என் கணக்கில் இது ஒன்றுதான். பிடிஆர்எஃப்எஸ் பழைய தரவின் மேலேயே எழுதாது. புது இடத்தில் எழுதிவிட்டு, பிறகுதான் பழையதை விடும். அதனால் ஸ்னாப்ஷாட் நொடியில் முடியும், எடுத்தவுடன் இடமும் அதிகம் பிடிக்காது. ஒரு அப்டேட் சொதப்பினால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் இதற்கான ஏற்பாடு எல்லா டிஸ்ட்ரோவிலும் தயாராக இருக்காது. ஓப்பன்சூசேயில் ஸ்னாப்ஷாட்டுகளைக் கவனிக்கும் ஸ்னாப்பர் என்ற கருவி கூடவே வரும். ஃபெடோராவில் நீங்களே அமைக்க வேண்டும். இன்னொன்று, ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போச்சு. விர்ச்சுவல் மெஷின் போன்ற பெரிய ஃபைல்களில் அடிக்கடி எழுதுகிறவர்களுக்கு எக்ஸ்ட்4தான் தோது.

எக்ஸ்எஃப்எஸ் பெரிய சர்வர்களுக்கு அருமை. பார்ட்டிஷனைப் பின்னால் சுருக்க முடியாது என்பதால் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை.

படி 4: விண்டோஸும் அதே கணினியில் இருந்தால் இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் ஃபார்மட் செய்யாதீர்கள். விண்டோஸைத் தொடங்க வைக்கும் பூட் ஃபைல்களும் அங்கேதான் இருக்கின்றன. அது ஃபேட்32 வடிவத்திலேயே இருக்கட்டும். இரண்டு பக்கமும் பயன்படுத்தும் ஃபைல்களுக்குத் தனியாக ஒரு என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) பார்ட்டிஷன் போதும்.

படி 5: சரி, இப்போது லினக்ஸ் போய் உட்காரும் ரூட் பார்ட்டிஷனுக்கு உங்கள் தேர்வைக் கொடுங்கள். 'இன்ஸ்டால்' அழுத்துவதற்கு முன், எந்தெந்தப் பார்ட்டிஷன் ஃபார்மட் ஆகும் என்று காட்டும் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். அதுவரை எந்தப் பார்ட்டிஷனும் ஃபார்மட் ஆகியிருக்காது.