சீனாய் உடன்படிக்கையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீர்திருத்த இறையியலை (கால்வின் வழிவந்த புராட்டஸ்டண்ட் போதனையை)ப் புதிதாகப் படிப்பவர்களின் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். கீழ்ப்படிந்தால் ஜீவன் என்று ஆதாமோடு செய்யப்பட்ட கிரியைகளின் உடன்படிக்கைக்கும், சீனாய் மலையில் கொடுக்கப்பட்ட மோசேயின் நியாயப்பிரமாணத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், என் பழைய நோட்டுகளில் உள்ள அதே தவறுகள் வேறு கையெழுத்தில் வந்து நிற்கின்றன. வசன எண் மாறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

பத்துக் கட்டளையோடு கிரியைகளின் உடன்படிக்கை திரும்பிவிட்டது என்று எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். வாதம் இப்படிப் போகும்: ஆதாமுக்கும் இஸ்ரவேலுக்கும் கொடுக்கப்பட்ட ஒழுக்கப் பிரமாணம் ஒன்றே. ஆதாமுக்கு அது கிரியைகளின் உடன்படிக்கை. ஆகவே இஸ்ரவேலுக்கும் அதுவே. முதல் இரண்டும் சரி. மூன்றாவது அவற்றிலிருந்து வராது.

சீர்திருத்த சபைகளின் முக்கிய அறிக்கைகளில் ஒன்றான, 1646-ல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தேவன் ஆதாமுக்குப் பிரமாணத்தைக் கிரியைகளின் உடன்படிக்கையாகக் கொடுத்தார் என்கிறது முதல் பத்தி. அவனுடைய வீழ்ச்சிக்குப் பிறகும் அது நீதியின் பூரண விதியாக நீடித்தது, அவ்விதமாகவே சீனாயில் கொடுக்கப்பட்டது என்கிறது இரண்டாவது. கட்டளை அதுவே, அது வந்த ஏற்பாடு வேறு. நியாயப்பிரமாண காலத்திலும் சுவிசேஷ காலத்திலும் நடைமுறையில் இருந்தது, கிறிஸ்துவை விசுவாசிக்கும் பாவிக்கு இரட்சிப்பை இலவசமாகத் தரும் ஒரே கிருபையின் உடன்படிக்கைதான் என்று 7-ஆம் அதிகாரம் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

உடனே லேவியராகமம் 18:5-ஐ நீட்டுவார்கள்: "அவைகளின்படி செய்கிறவன் எவனும் அவைகளால் பிழைப்பான்." நல்லது, இரண்டு அதிகாரம் பின்னால் போங்கள். 16-ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியன் இரத்தத்தோடு திரைக்குள் போகிறான். ஜனங்களின் பாவங்களைச் சுமந்துகொண்டு வெள்ளாட்டுக்கடா வனாந்தரத்துக்குப் போகிறது. 17:11 இரத்தமே ஆத்துமாவுக்குப் பாவநிவிர்த்தி என்கிறது. யாத்திராகமம் 24-ல் மோசே உடன்படிக்கையின் இரத்தத்தை ஜனங்கள்மேல் தெளிக்கிறான். ஏதேனில் பலிபீடம் ஏது, மத்தியஸ்தன் ஏது? கீழ்ப்படிந்தால் ஜீவன், மீறினால் மரணம், அவ்வளவே. பாவிக்கு மன்னிப்பின் வழியை வகுத்துத் தரும் ஓர் ஏற்பாட்டைக் கிரியைகளின் உடன்படிக்கை என்று சொல்லி முடித்துவிட முடியாது.

இந்தத் தவறு தாளோடு நிற்பதில்லை. ஒரு வேதபாட வகுப்பில் இளம் பிரசங்கியார் ஒருவர், "அவர்கள் பிரமாணத்தைக் கைக்கொண்டு இரட்சிக்கப்பட்டார்கள், நாம் கிருபையால்" என்று உறுதியாகப் போதித்தார். கடைசி வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் எழுந்து, "ஐயா, அப்படியானால் 51-ஆம் சங்கீதத்தில் தாவீது எதை நம்பி இரக்கம் கேட்டார்?" என்றார். பிரசங்கியாரிடம் பதில் இல்லை. ரோமர் 4-ல் பவுல் இதே தாவீதைத்தான் கிரியைகளில்லாமல் எண்ணப்படும் நீதிக்குச் சாட்சியாக நிறுத்துகிறார். ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்தை, 430 வருஷத்துக்குப் பின் வந்த பிரமாணம் தள்ளிவிடாது என்று கலாத்தியர் 3:17-லும் எழுதுகிறார். இரட்சிப்புக்கு இரண்டு வழி என்று போதித்தால், பழைய ஏற்பாட்டுச் சபை முழுவதையும் கிறிஸ்துவுக்கு வெளியே தள்ளிவிடுகிறோம். அதனால்தான் இதில் நான் மதிப்பெண்ணில் கை வைக்கத் தயங்குவதில்லை.

எதிர்த்திசையில் ஓடி, சீனாயில் கிரியையின் குரலே இல்லை என்பது

இதுவும் நிற்காது. அதே லேவியராகமம் 18:5-ஐ ரோமர் 10:5-லும் கலாத்தியர் 3:12-லும் பவுல் விசுவாசத்துக்கு எதிரே நிறுத்துகிறார். 1677-ல் வெளியான தமது நூலில் டச்சு இறையியலாளர் ஹெர்மன் விட்சியுஸ் இதை நுட்பமாகக் கையாண்டார்: சீனாயில் கிரியைகளின் உடன்படிக்கையின் போதனை மீண்டும் ஒலித்தது, ஆனால் அந்த உடன்படிக்கையே மீண்டும் செய்யப்படவில்லை. ஜீவனைச் சம்பாதிக்க முடியாது என்று பாவிக்கு உணர்த்துவதே அதன் நோக்கம். 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க இறையியலாளர் மெரிடித் கிளைன் வேறு வழியில் போனார். இரட்சிப்பு கிருபையால், கானானில் நிலைத்திருப்பதோ ஜனத்தின் கீழ்ப்படிதலால் என்று இரண்டு தளங்களாகப் பிரித்தார். தேசம் தன் குடிகளைக் கக்கிப்போடும் என்ற எச்சரிப்பும் லேவியராகமம் 18-லேயே இருப்பதைப் பார்க்கும்போது, அவர் சொல்வதை எளிதில் ஒதுக்க முடியவில்லை. ஆனால் அந்த இரண்டு தளங்களையும் கலந்துவிடுகிற மாணவர் முதல் தவறுக்கே திரும்பிவிடுகிறார்.

"சீர்திருத்தவாதிகள் எல்லாரும் சொல்வது என்னவென்றால்…"

எல்லாரும் ஒன்றையே சொல்லவில்லை. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தூய்மைவாதிகள் மூவரைப் பாருங்கள். அந்தோணி பர்ஜெஸ் சீனாயைக் கிருபையின் உடன்படிக்கை என்றார். சாமுவேல் போல்டன் அதைக் கிருபைக்கு ஊழியம் செய்யும் தனி உடன்படிக்கை என்றார். ஜான் ஓவன் அது கிரியைகளின் உடன்படிக்கையிலும் கிருபையின் உடன்படிக்கையிலும் அடங்காது என்றார், ஆனால் அக்காலத்தவரும் வாக்குத்தத்தத்தாலேயே இரட்சிக்கப்பட்டார்கள் என்பதில் உறுதியாக இருந்தார். பெயரைச் சொல்லி எழுதுங்கள்.

1689 லண்டன் பாப்திஸ்து அறிக்கையையும் வெஸ்ட்மின்ஸ்டரையும் ஒன்றாக்குவது

வேண்டாம். 7-ஆம் அதிகாரமே இரண்டிலும் வேறு.

வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின் 19:6-ஐப் பாதியில் நிறுத்துவது

விசுவாசிகள் கிரியைகளின் உடன்படிக்கையாகிய பிரமாணத்தின் கீழ் இல்லை, அதனால் நீதிமானாக்கப்படுவதுமில்லை, ஆக்கினைக்குள்ளாவதுமில்லை. மேற்கோள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். வாழ்க்கையின் விதியாக அதே பிரமாணம் அவர்களை இன்றும் கட்டுப்படுத்துகிறது என்பது அதே பத்தியின் தொடர்ச்சி.